வியட்நாம் போன ஃபைல்

ஷைனியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு வாய் வராது. கெட்டதாக நாற்பது சொல்வேன். பதினோரு வருஷமாக ஒரே லேபில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம், அந்த உரிமையில் சொல்வேன். பிடிவாதக்காரி. சந்தேகப் பிராணி. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட எதற்குக் கூப்பிடுகிறாள் என்று முகத்தை உற்றுப் பார்ப்பாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் லேப் மும்பையில் சயான் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. ஷைனி ரத்தம் எடுப்பவள், நான் ரிப்போர்ட் அடிப்பவள். காலை ஆறரை மணிக்கு ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாஹிம், மாட்டுங்கா என்று வீடு வீடாகப் போவாள். எத்தனை தேடினாலும் நரம்பு அகப்படாத பெரியவர்கள், "அந்தத் தாராவிப் பொண்ணையே அனுப்புங்கோ" என்று போன் பண்ணிக் கேட்பார்கள். ஒரே குத்து, முடிந்துவிடும். ஆனால் சிரிக்கமாட்டாள், வலிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். "மூடுங்க. திறங்க. ஆச்சு." அவ்வளவுதான் அவள் பேச்சு.

ஐஸ் பெட்டி ஒரு தோளில் என்றால், மற்றத் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். முதல் இரண்டு வருஷம் அதில் டிபன் டப்பா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழையில் நனைந்து வந்து அதைத்தான் முதலில் துடைத்தாள். உள்ளே பட்டன் வைத்த நீலப் பிளாஸ்டிக் ஃபைல். குடிசைக்காரர் என்று சர்க்கார் படம் ஒட்டி அவள் அப்பா லாசர் பேரில் கொடுத்த ஃபோட்டோபாஸ், பழைய ரேஷன் கார்டு, தொண்ணூறுகளில் கட்டிய ஒரு லைட் பில், வாக்காளர் பட்டியலில் அவர்கள் பேர் இருக்கும் பக்கம், லாசரின் இறப்புச் சான்றிதழ். எல்லாம் ஒரிஜினல்.

தாராவியில் ஒரு ரூம் உன்னுடையது என்று சொல்ல அந்தக் காகிதங்கள்தான் வேண்டும். நீ அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தாய் என்பதெல்லாம் பேச்சுக்கு உதவும், ஆபீசில் உதவாது. அதனால் தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அங்கே எல்லோரும் முதலில் ஃபைலைத்தான் தூக்குவார்கள். மற்ற வீடுகளில் அதை டிரங்குப் பெட்டியில் பூட்டுவார்கள், காட்கோபரிலோ கோபர்கைரனேயிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வைப்பார்கள். ஷைனி யாரையும் நம்பவில்லை. தூக்கிக்கொண்டே அலைந்தாள். சர்ச்சுக்கு, கல்யாணத்துக்கு, பல் பிடுங்கப் போனபோதுகூட.

அவள் பயம் எல்லாம் ஒரே ஒருவன்மேல்தான். தம்பி ஜாபெஸ். பல வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு புரோக்கர் பேச்சைக் கேட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் இந்தக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, எதிலோ கையெழுத்தும் போட்டுவிட்டான். அதை ரத்து பண்ண லாசர் மாதக்கணக்கில் நடந்தார். சாகப் போகிற சமயம், ஜாபெஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைலை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அன்றையிலிருந்து அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. அவனும் பெண்டாட்டியும் மேலே, இவளும் அம்மா லூசியம்மாளும் கீழே. நடுவில் ஒரு இரும்பு ஏணி.

நான் ஒரு தடவை அங்கே சாப்பிடப் போயிருக்கிறேன். ஜாபெஸ் ஏணியில் நின்றுகொண்டு, "எம்மா, மோட்டாரப் போடச் சொல்லு அவகிட்ட" என்றான். ஷைனி அவனிடமிருந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். "எம்மா, போட்டு பத்து நிமிசம் ஆச்சின்னு சொல்லு அவன்கிட்ட" என்றாள். லூசியம்மாள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி வெங்காயம் நறுக்கினாள். எனக்குக் கழுத்து வலித்தது.

தாராவியை இடித்துவிட்டுப் பெரிய கட்டிடம் கட்டப் போகிறார்கள், வீட்டுக்கு வீடு சர்வே எடுக்கிறார்கள் என்று ஆனபிறகு சண்டை முற்றியது. கீழ் ரூமுக்குத்தான் அங்கேயே ஃபிளாட், மேல் மாடிக்காரர்களை எங்கேயோ தூரத்தில் கொண்டுபோய் வைப்பார்கள் என்று அவர்கள் இருக்கும் சந்து, அந்தக் கல்லி முழுக்கப் பேச்சு. அப்போது கீழ் ரூம் யாருடையது? லாசர் பேரில் இருக்கிறது, லாசர் இல்லை. அவன் ஆண்பிள்ளை என்று அவன் நினைத்தான். ஃபைல் என்னிடம் என்று இவள் நினைத்தாள். ஒரு வரன் வந்தபோது பையன் வீட்டார் ரூமும் பெண்ணோடு வருமா என்று நைசாகக் கேட்டுவிட்டார்கள். அன்றைக்கே காப்பி டம்ளரைப் பிடுங்காத குறையாக அவர்களை எழுப்பி அனுப்பினாள். முப்பத்தேழு வயசு ஆகிறது, அதற்குப்பிறகு யாரும் வரவில்லை.

இப்படிப்பட்டவளோடு நான் வெளிநாடு போனேன். என் புத்தியை எதால் அடிக்க?

ரிசப்ஷன் பெண் ஷ்ருதி முதுகுப் பையோடு வியட்நாம் போய்வந்து, லேப் முழுக்க ஃபோட்டோ காட்டி எங்களைக் கடுப்பேற்றினாள். எங்களுக்கு லீவு மலையாகக் கிடந்தது. என் மகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்திருந்தது, என் வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணன், "போயிட்டு வாயேன், எட்டு நாள் நாங்க நிம்மதியா இருப்போம்" என்றார். ஷைனியும் சரி என்றாள். அவள் சரி என்று சொன்னது எனக்கே ஆச்சரியம்தான். "எட்டு நாளைக்கி அந்த ஏணியப் பாக்காம இருக்கணும்" என்றாள். கல்லி கமிட்டிக்காரர், சர்வே நம்ம கல்லிக்குப் பொங்கல் கழித்துத்தான் வரும் என்று அடித்துச் சொன்னார். நவம்பரில் டிக்கெட் போட்டோம்.

பை அவள் கல்லியிலேயே தைத்தது. மாரிசெல்வம் என்ற பை தைக்கிற ஆளிடம் சொல்லி, முதுகுப் பக்கத்து மெத்தைக்கு உள்ளே ஒரு ரகசிய ஜிப் வைக்கச் சொல்லியிருந்தாள். ஏர்போர்ட்டில் அதைப் பெருமையாகக் காட்டினாள். ஃபைல் சரியாக உள்ளே உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி, வியட்நாமுக்கா கொண்டு வரே?"

"பின்ன? வீட்டுல வச்சிட்டு வந்தா எட்டு நாளு அவனுக்குப் போதாதா?"

அங்கேயே நான் திரும்பி என் செம்பூர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்திருக்க வேண்டும்.

சைகோனில் ஹாஸ்டல் பெண் பதிவு செய்வதற்காக எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி டிராயரில் போட்டாள். நான் பதறினேன். ஷைனி தன்னுடையதை நீட்டிவிட்டு நிம்மதியாக நின்றாள். "பாஸ்போர்ட்டு போனா வேற எடுக்கலாம். இது போனா?" என்று முதுகைத் தட்டினாள். மறுநாள் யுத்த காலத்துச் சுரங்கத்தைப் பார்க்கப் போனோம். பையோடு உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் வாங்கியவள் வெளியே பெஞ்சில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் யாரோ நாலு பேரோடு குனிந்து, தவழ்ந்து, மூச்சு முட்டி வெளியே வந்தேன். "எப்படி இருந்துச்சி?" என்று கேட்டாள்.

நானும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை என்று அவள் சொல்லலாம். நான் சைவம். எந்தக் குழம்பை மோந்து பார்த்தாலும் மீன் வாசனை. பன்னைப் பிய்த்துப் புளிக்காய்ச்சல் தொட்டுக்கொண்டு தின்றேன், அது பையில் கொட்டி இரண்டு சுடிதார் வீணாகின. சைவக் கடை தேடித்தேடி அவளை ஒரு மணி நேரம் வெயிலில் நடக்கவைத்தேன். "நாடு விட்டு நாடு வந்தும் ஒனக்கு மாமி மெஸ்ஸு கேக்குதா?" என்றாள். "ஆமாம், கேக்கறது. நீ உன் பத்திரத்தை மட்டும் பாத்துக்கோ" என்றேன். அப்போதே எங்களுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச்சு.

டா லாட் மலைமேல் இருக்கிற ஊர். சைகோனிலிருந்து படுத்துக்கொண்டு போகிற பஸ். ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கவரில் போடவேண்டும், பையை அடியில் போடவேண்டும். ஷைனி செருப்பைக் கொடுத்தாள், பையைக் கொடுக்கவில்லை. கண்டக்டர் அவன் பாஷையில் கத்தினான். இவள் இந்தியில் கத்தினாள். பஸ்ஸே எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவன்தான் கையெடுத்துக் கும்பிட்டான். எட்டு மணி நேரம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் குறுகிய பெர்த்தில் காலை மடக்கிப் படுத்து வந்தாள். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வழியில் நிறுத்தியபோது, பாத்ரூம் போக பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "பிடி, வாரேன்." ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். லேபிலும் அப்படித்தான். வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

டா லாட்டில் நல்ல குளிர். தெருவெல்லாம் பூ, ஸ்ட்ராபெரி, காப்பி. எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. மறுநாள் காலை மலைச்சரிவில் தண்டவாளத்து வண்டியில் அருவிக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஹாஸ்டல் மொட்டைமாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். லூசியம்மாள் நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது.

"ஏட்டி ஷைனி, சர்வேக்காரவிய வந்துட்டாவட்டி!"

"பொங்கல் கழிச்சின்னுல்லா சொன்னாவ?"

"பக்கத்துக் கல்லிக்காரவிய உள்ள விடமாட்டோம்னு மறிச்சிட்டாவளாம். அதான் இங்கன திரும்பிட்டாவ. நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள நம்ம கல்லி முடிச்சிருவாவளாம். காகஜ் எங்கன்னு கேக்காவ."

பின்னால் ஏணியில் ஜாபெஸின் கால் தெரிந்தது. "எம்மா, ஃபைல எங்க வச்சிருக்கான்னு கேளு அவகிட்ட."

"எம்மா, எங்கிட்டதான் இருக்குன்னு சொல்லு அவன்கிட்ட."

"எங்கிட்டன்னா எங்க? பீரோவுலயா?" என்றாள் லூசியம்மாள்.

ஷைனி காப்பியைக் கீழே வைத்தாள். "பைக்குள்ள."

"எந்தப் பைக்குள்ள?"

"முதுகுல கெடக்கு."

ஏணியிலிருந்து அந்தக் கால் தடதடவென்று இறங்கியது. பிறகு ஜாபெஸ் அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அக்காவிடம் நேராகப் பேசினான். "வியட்நாமுக்கா கொண்டு போன, கிறுக்கி?"

இப்போதைக்கு ஜெராக்ஸ் போதுமாம், ஒரிஜினலை அடுத்த மாதம் கேம்ப்பில் காட்டலாமாம். ஒன்றுமே காட்டாவிட்டால் காகிதம் இல்லாத வீடு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். "போட்டோ புடிச்சி இப்பவே அனுப்பு" என்று கத்தினான். ஷைனி போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "எம்மா, அனுப்பமாட்டேன்னு சொல்லு அவன்கிட்ட" என்றாள். கட் பண்ணிவிட்டாள்.

நான் போனில் டிக்கெட் தேடினேன். எங்கள் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்குமுன் சைகோனிலிருந்து கிடைத்தது வெள்ளிக்கிழமைதான். எப்படிப் பறந்தாலும் வியாழன் சாயங்காலம் தாராவியில் நிற்க முடியாது. அதை அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள்.

"தெரிஞ்சா அனுப்பேண்டி. நாளைக்குச் சாயங்காலத்துக்கு அப்புறம் அந்தக் காகிதத்தை வெச்சுண்டு என்ன பண்ணப்போறே?"

"அவன் கையில போனா அவன் பேருல ஏத்திருவான். ஏறுனா என்னைய வெளிய தள்ளிருவான்."

"அனுப்பலைன்னா யாருக்குமே இல்லாம போயிடும்."

"போட்டும்."

"அம்மாவை யோசிச்சியா?"

"எங்கம்மை அவனத்தான் பாப்பா. ஒனக்குத் தெரியாது."

"எல்லாம் தெரியும். உனக்கு ரூம் வேண்டாம்டி, அவன் தோக்கணும். அதுதான் வேணும்."

அவள் எழுந்து நின்றாள். மாடியில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒனக்கென்ன சுஷ்மா! செம்பூர்ல லிஃப்டு வச்ச பில்டிங்கு. கீழ போர்டுல ஒம் புருசன் பேரு எழுதிருக்கு. ஒரு பய வந்து இது ஒன் வீடுதானான்னு கேப்பானா ஒன்கிட்ட? நான் பொறந்த ரூமுக்கு நான் சாட்சி தூக்கிட்டு அலையுதேன். நீ எனக்குப் புத்தி சொல்லுதியா?"

அவள் சொன்னது உண்மை. உண்மை என்பதால் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நானும் விடவில்லை. அறைக்குள் வந்தும் சண்டை தொடர்ந்தது. சுயநலக்காரி என்றேன். நடிக்கிறாய் என்றாள். என் லீவைப் பாழாக்கினாய் என்றேன். அதானே ஒன் கவலை என்றாள். மத்தியானம் வரைக்கும் பேசாமல் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. அழுதிருப்பாள்.

இதற்கிடையில் என் போனுக்கு ஜாபெஸிடமிருந்து மெசேஜ் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அம்மா பேர்லதான் போடுவேன், கர்த்தர்மேல ஆணை. நான் பதில் போடவில்லை.

மூன்று மணிக்கு ஷைனி இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "பிடி. குளிச்சிட்டு வாரேன்." அத்தனை சண்டைக்குப் பிறகும் என்னிடம்தான் கொடுத்தாள்.

பாத்ரூம் வராந்தாக் கோடியில். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் ஜிப்பைத் திறந்தேன். ஃபைல் அவள் முதுகு வியர்வையில் லேசாக ஈரமாக இருந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் போர்வைமேல் விரித்துப் படம் எடுத்தேன். லாசரின் ஃபோட்டோபாஸில் பூஞ்சை பிடித்த மூலையைத் துடைத்து இரண்டு தடவை எடுத்தேன். ரிப்போர்ட் அடிக்கிறவள் அல்லவா, எழுத்து தெளிவாக விழவேண்டும். ஜாபெஸுக்கு அனுப்பினேன். அம்மா பேரில் மட்டும்தான், சத்தியம் பண்ணியிருக்கிறாய் என்று கீழே அடித்தேன். கும்பிடுகிற கை ஒன்று உடனே வந்தது. எல்லாவற்றையும் பழைய வரிசையிலேயே அடுக்கி ஜிப்பை மூடினேன்.

ஏன் செய்தேன்? ரூம் போகக்கூடாது என்று நினைத்தேன், அது நிஜம். லூசியம்மாளை நினைத்தேன், அதுவும் நிஜம். ஆனால் பொய் சொல்வானேன், நாளைக்கு அருவிக்குப் போகவேண்டும் என்றும் நினைத்தேன். இந்தப் பிரச்சினை முடிந்தால் மீதி நாலு நாளாவது எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். அவள் என்னைச் செம்பூர்க்காரி என்று சொன்னதும் நெஞ்சில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் அருவிக்குப் போனோம். தண்டவாளத்து வண்டிக்காரன் பையைக் கழற்றச் சொன்னான். ஷைனி என்னை மட்டும் போகச் சொல்லிவிட்டு மேலேயே நின்றாள். நான் மரங்களுக்கு நடுவில் சர்ரென்று இறங்கி, அருவியைப் பார்த்து, நனைந்து, சிரித்துக்கொண்டே மேலே வந்தேன். அவள் போனைக் காதில் வைத்தபடி கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். ஸ்பீக்கர் போடாமலே லூசியம்மாள் குரல் எனக்குக் கேட்டது. சந்தோஷத்தில் கூவிக்கொண்டிருந்தாள். "போட்டோ எல்லாம் நல்லா தெரியின்னுட்டாவ! எம் பேருதான் ஏத்திருக்காவ, சீட்டு குடுத்துட்டாவ. நல்லவேள நீ அனுப்பிட்ட ராசாத்தி!"

ஷைனி போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பையைத் தரையில் இறக்கி, ரகசிய ஜிப்பைத் திறந்து, ஃபைலை உருவினாள். பிறகு அதை மேல் பையில், ஈரத் துண்டுக்கும் அழுக்குச் சட்டைக்கும் நடுவில் திணித்தாள்.

மீதி மூன்று நாளும் ஒன்றாகத்தான் சுற்றினோம். ஒன்றாக என்று எப்படிச் சொல்ல? மூயி நே கடற்கரையில் அவள் இருபது அடி முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். பஸ்ஸில் பையை அடியில் போட்டாள், கண்டக்டர் கேட்காமலே. ஹாஸ்டலில் கட்டில்மேல் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் காவல் உட்கார்ந்தேன். சாப்பாட்டுக் கடையில் வேறு மேஜை. ஒரு வார்த்தை பேசவில்லை. "ரூம் நின்னுதோல்லியோ? அம்மா பேர்லதானேடி இருக்கு?" என்று நூறு தடவை கேட்டேன். சுவரோடு பேசின மாதிரிதான். மும்பையில் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து நான் தாராவிக்குப் போனேன். எனக்கு நன்றி சொல்வார்கள் என்றுகூட ஒரு மூலையில் நினைத்திருப்பேன். ஷைனி டியூட்டியில் இருந்தாள். ஜாபெஸ் மரியாதையாக நாற்காலி போட்டு, சர்வே சீட்டைக் காட்டினான். குடும்பத் தலைவி லூசியம்மாள். கீழே ஜாபெஸ், அவன் மனைவி. அதோடு முடிந்திருந்தது. படத்தில் அந்த மூன்று பேரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

"ஷைனி எங்கே?" என்றேன்.

"அக்கா, ஆளு முன்னால நின்னாத்தான் படம் புடிக்காவ. அவ வியட்நாம்ல நிக்கா. நான் என்ன செய்ய? அம்மா பேருலதான் போடுவேன்னேன், போட்டுட்டேன். சத்தியத்த மீறலையே?"

மீறவில்லைதான். அவன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கையை ஓங்கவேண்டும்போல் இருந்தது. "ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? பேரை எழுதிக்கச் சொல்லி ஒரு வார்த்தை?"

அவன் தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறிப் போனான். லூசியம்மாள் வாசல் வரைக்கும் என்னோடு வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டாவம்மா. வேற ஆரும் உண்டாம்மான்னு கேக்கத்தான் செஞ்சாவ. இவன் முந்திக்கிட்டு இல்லன்னுட்டான். நானும் பேசாம நின்னுட்டேன். பொறவு யாரு என்னைய வச்சிப் பாக்கது? அவதான் என்னைக்காச்சிலும் ஒருத்தன் வீட்டுக்குப் போற பிள்ளைன்னு நெனச்சிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் ஜாபெஸ்மேல்கூட வரவில்லை.

கேம்ப்பில் ஒரிஜினலைக் காட்ட வேண்டிய நாளில் ஷைனி ஃபைலை அம்மா கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள் என்று ஷ்ருதி சொன்னாள். பேர் சேர்க்க மனு போடு, நான் கூட வருகிறேன், வியட்நாம் டிக்கெட்டைக் காட்டி எட்டு நாள்தான் போயிருந்தாள் என்று சொல்லலாம் என்று எழுதி அவள் மேஜையில் வைத்தேன். தமிழில் எழுதினால் படிக்கக் கஷ்டப்படுவாள் என்று இந்தியில் எழுதினேன். அந்தக் காகிதத்தைச் சிரிஞ்சு போடுகிற சிவப்பு டப்பாவில் போட்டாள்.

போன வாரம் பொறுக்க முடியாமல், ஆட்கள் காத்திருக்கும்போதே, அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "நான் அனுப்பாம இருந்தா அந்த ரூம் போயிருக்கும். அது தெரியுமோ நோக்கு?" என்று கேட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

"போயிருந்தா நாங்க நாலு பேரும் ஒண்ணா நடுத்தெருவுல நின்னுருப்போம். இப்ப நான் மட்டும் நிக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.